ஹைப்ரிட் லாங்போ வாங்குவது எப்படி? மலைச்சரிவில் அம்பெய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வில் வாங்க வருபவர் முதலில் கேட்பது, “எத்தனை பவுண்டு எடுக்கலாம்?” என்றுதான். பவுண்டு என்பது நாணை இழுக்கும்போது விரலில் வரும் எடை. ஹைப்ரிட் லாங்போவைப் பொறுத்தவரை, மனத்தில் நினைத்து வைத்திருக்கும் எண்ணிலிருந்து ஐந்து பவுண்டைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது. அதே பவுண்டில் பழைய நேர் வில்லைவிட வேகமாக எய்வதற்காகவே இந்த வில் உருவானது. அந்த வேகத்தை வைத்து எடையைக் குறைத்துக்கொள்வதுதான் லாபம். எடையையும் ஏற்றி வேகத்தையும் ஏற்றப் பார்த்தால், கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ சரிவில் ஒரு காலை உயரத்தில் வைத்து நிற்கும்போது கை நடுங்கும். குறி தானாகத் தவறும்.

எது ஹைப்ரிட்?

நாண் ஏற்றாத வில்லைப் பக்கவாட்டில் பாருங்கள். கைப்பிடியை ஒட்டிய பகுதியில் லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதி) எய்பவர் பக்கம் சாய்ந்து வரும். இது டிஃப்ளெக்ஸ். பிறகு நுனியை நோக்கிப் போகும்போது இலக்கின் பக்கம் வளையும். இது ரிஃப்ளெக்ஸ். இரண்டும் ஒரே லிம்பில் இருந்தால் அது ஹைப்ரிட். நாண் ஏற்றியபின் நுனி வளைவு ஏறக்குறைய நிமிர்ந்து, வில் மெல்லிய பிறை வடிவத்துக்கு வந்துவிடும். நாண் நுனிப் பள்ளத்தைத் தவிர லிம்பில் வேறெங்கும் படக் கூடாது. பட்டால் அது ரிகர்வ் வில். கடையில் என்ன பெயர் சொன்னாலும் சரி.

நுனியிலுள்ள ரிஃப்ளெக்ஸால், நாண் ஏற்றும்போதே லிம்ப் நன்றாக முறுக்கேறிவிடுகிறது. அதனால் இழுக்கத் தொடங்கியதுமே எடை கையில் தெரியும். முழு இழுப்பில் சேரும் ஆற்றலும் கூடும். டிஃப்ளெக்ஸ் அந்த இழுப்பைச் சீராக்கி, எய்தபின் கையில் அடிக்கும் அதிர்வைக் குறைக்கிறது. ஒரு பவுண்டுக்கு 10 கிரெயின் (அம்பை நிறுக்கும் சிறு எடை அளவு) என்ற கணக்கில் அம்பு வைத்தால், அமெரிக்க வில்லாளர் ஹோவர்ட் ஹில் பாணி நேர் லாங்போ நொடிக்கு 160 அடி அளவில் எய்யும் இடத்தில் நல்ல ஹைப்ரிட் 175 அடியைத் தொடும். இந்த 15 அடி வேகம், 30 மீட்டர் தூரத்தில் அம்பு தாழும் அளவில் சுமார் ஒரு அடி வித்தியாசமாகத் தெரியும். தூரத்தைக் கண்ணால் மட்டும் கணிப்பவருக்கு இது பெரிய உதவி.

குறையும் உண்டு. லிம்ப் ஒல்லியானது, நுனி எடை குறைந்தது. கையால் வளைத்துத் தவறாக நாண் ஏற்றினால் எளிதில் முறுகிவிடும். கைப்பிடியும் கனமில்லாததால் பிடியில் வரும் சின்னத் தவறுகூட அம்பில் தெரியும்.

முதலில் இழு நீளம்

கைகளை விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுக்கும் கணக்கு தொடக்கத்துக்கு மட்டும் போதும். 170 செ.மீ. என்றால் 67 அங்குலம். வகுத்தால் ஏறக்குறைய 26.8 அங்குலம் வரும். ஆனால் மரபு வில்லாளர்கள் முழங்கையைச் சற்றே தளர்த்தி, தலையைச் சாய்த்து, நாண் பிடித்த கையை வாயோரத்தில் பதித்து நிறுத்துவதால் (இந்த இடம்தான் நங்கூரம்) உண்மையான நீளம் பெரும்பாலும் இதைவிட அரை முதல் ஒரு அங்குலம் குறையும்.

சரியான வழி இது. 15 அல்லது 20 பவுண்டு லேசான வில்லில் நீளமான அம்பு ஒன்றைப் பூட்டி, கண்ணை மூடிக்கொண்டு வசதியான இடம் வரை இழுங்கள். கைப்பிடியின் ஆழமான இடத்துக்கு நேரே அம்பில் எங்கு வருகிறது என்று பக்கத்தில் நிற்பவர் பேனாவால் குறிக்கட்டும். நாக் (அம்பின் பின்நுனியில் நாணைக் கவ்வும் பகுதி) பள்ளத்திலிருந்து அந்தக் குறி வரை அளந்து 1¾ அங்குலம் கூட்டினால் உங்கள் இழு நீளம் வரும். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

அதையே சரிவில் கீழ்நோக்கி நின்றும் ஒருமுறை செய்யுங்கள். இடுப்பை மடக்காமல் வில் கையை மட்டும் தாழ்த்துபவருக்கு இழுப்பு அரை அங்குலத்துக்கு மேல் சுருங்கும். அப்படிச் சுருங்கினால் வில்லை மாற்ற வேண்டாம். முதலில் சமதளத்தில் இழுப்பதுபோல் இழுத்துவிட்டு, பிறகு இடுப்பிலிருந்து வளையப் பழக வேண்டும்.

பவுண்டு: இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள்

வில்லில் ‘40 @ 28’ என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது விரலில் 40 பவுண்டு, அதாவது சுமார் 18 கிலோ இருக்கும் என்று அர்த்தம். இந்த எடை அளவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு முதல் இரண்டரை பவுண்டு வரை கூடும், குறையும். 26 அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் 35 அல்லது 36 பவுண்டுதான். எனவே வில் செய்பவரிடம் சொல்லும்போது, “எனக்கு 26½ அங்குலத்தில் 35 பவுண்டு வேண்டும்” என்று உங்கள் நீளத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே 35 என்றால் அவர் 28இல் கணக்குப் போட்டுவிடுவார்.

புதிதாகத் தொடங்கும் பெரியவருக்கு 25 முதல் 30 பவுண்டு. ஒரு வருடம் ஒழுங்காக எய்தவருக்கு 35 முதல் 40. அதற்கு மேல் போவதற்கு இலக்கு வில்வித்தையில் அவசியமே இல்லை. பலகையில் ஒட்டிய தாளைத் துளைக்க 35 பவுண்டு தாராளம்.

உங்கள் எடை எது என்று சோதிக்க ஒரு வழி உண்டு. முழுதாக இழுத்து, நங்கூரத்தில் ஆறு நொடி பிடித்து, அம்பை விடாமல் மெதுவாகத் திரும்ப இறக்குங்கள். முப்பது நொடி ஓய்வு. இப்படிப் பத்து முறை. ஏழாவதுக்கு முன்பே தோள் காதை நோக்கி ஏறினாலோ, வில் முனை ஆடினாலோ ஐந்து பவுண்டு குறைக்க வேண்டும். “பழகப் பழகச் சரியாகும்” என்ற ஆறுதலை நம்பி வாங்கியவர்கள் பழகுவது, பாதி இழுத்தவுடன் விட்டுவிடும் கெட்ட பழக்கத்தைத்தான். அதை மாற்ற மாதக்கணக்கில் ஆகும்.

எடை சீராக ஏறுகிறதா என்று பார்க்க, சமையல் எரிவாயு சிலிண்டர் நிறுக்கும் வகைத் தொங்கு தராசு போதும். நாணில் மாட்டி 24, 25, 26, 27, 28 அங்குலங்களில் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒன்று முதல் 1.2 கிலோ கூடினால் வில் மென்மையானது. உங்கள் இழு நீளத்துக்கு முந்தைய கடைசி அங்குலத்தில் திடீரென்று 1.6 கிலோவுக்கு மேல் ஏறினால் அதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். அந்த வில் உங்கள் கைக்குக் குட்டை. எடையைக் குறைத்தாலும் அது சரியாகாது.

வில்லின் நீளம்

26 அங்குலம் வரை இழுப்பவருக்கு 58 முதல் 60 அங்குல வில், 26 முதல் 28 வரை 60 முதல் 64, அதற்கு மேல் 64 முதல் 66. குட்டை வில்லில் முழு இழுப்பின்போது நாண் கூர்மையான கோணத்தில் மடங்கி விரல்களை நெருக்கும். அம்பை விடும்போது விரல் நாணைப் பக்கவாட்டில் தட்டிவிடும். நீள வில் இதை மன்னிக்கும். ஆனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மேட்டில் மண்டியிட்டு எய்யும்போது கீழ் லிம்ப் மண்ணில் இடிக்கும். மலைக்கு 62 ஒரு நல்ல நடுவழி.

போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் களப் போட்டி, 3டி போட்டி (விலங்கு உருவ இலக்குகளை எய்வது) விதிகளில் லாங்போ பிரிவுக்குக் குறைந்தபட்ச நீளம் உண்டு. நாண் ஏற்றிய நிலையில் பெண்களுக்கு 150 செ.மீ., ஆண்களுக்கு 160 செ.மீ. நுனிப் பள்ளத்திலிருந்து மறு பள்ளம் வரை வில்லின் முதுகை (இலக்கைப் பார்க்கும் பக்கத்தை) ஒட்டி அளப்பார்கள். 160 செ.மீ. என்பது 63 அங்குலம். ஆக, 62 அங்குல வில் ஆண்கள் பிரிவில் ஏற்கப்படாது; 66 எடுத்துவிடுவது பாதுகாப்பு. அந்தப் பிரிவில் அம்பும் மரத் தண்டும் இயற்கை இறகுமாக இருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டுமுன் நடப்பு விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். நம் நாட்டுப் போட்டிகளின் இந்தியன் ரவுண்டு மூங்கில் வில்லுக்கானது. ஹைப்ரிட்டோடு அங்கே போக முடியாது.

ஒரே துண்டா, கழற்றும் வகையா?

64 அங்குல ஒரே துண்டு வில்லை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பேருந்தில் எங்கே வைப்பீர்கள்? வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுபவருக்கும் இதே பாடுதான். மேல் தட்டில் குறுக்கே வைத்தால், அடுத்த நிறுத்தத்தில் ஏறுபவர் அதன்மேல் பையைத் தூக்கிப் போடுவார். கைப்பிடிக்குள் உலோகக் குழல் செருகி இரண்டாகக் கழற்றும் வகை 33 அங்குலப் பையில் அடங்கிவிடும். விலை கூடும், எடை சிறிது கூடும். அந்தக் கூடுதல் எடை கைப்பிடியில் சேர்வதால் அதிர்வு குறைகிறது என்பது உபரி லாபம். சொந்த வண்டி இல்லாதவர் இதைத்தான் எடுக்க வேண்டும். வாங்கும்போது பொருத்திய இடத்தைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் வேண்டாம்.

கைப்பிடி, உள்மரம், நுனி

ஹைப்ரிட்டுக்கு உள்ளங்கை ஒரே இடத்தில் போய் உட்காரும் லொக்கேட்டர் கைப்பிடி பொருந்தும். நேர்க் கைப்பிடியில் ஒவ்வொரு முறையும் கை வேறிடத்தில் அமரும். பனியில் விரல் விறைத்த காலை நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள வளைவும், பெருவிரல் மேட்டின் உட்பக்கமும் மட்டும் வில்லைத் தாங்க வேண்டும்.

உள்மரத்தில் மூங்கில், மேப்பிள் இரண்டும் நம்பகமானவை. மூங்கில் எடை குறைவு, சீக்கிரம் மீளும். கார்பன் அடுக்கு சேர்த்த லிம்ப் இன்னும் சில அடி வேகம் தரும், முறுகலையும் தாங்கும். 35 பவுண்டில் அதற்காகத் தரும் கூடுதல் பணத்தை நல்ல அம்புகளுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

நுனியில் வலுவூட்டிய அடுக்கு இருக்கிறதா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஃபாஸ்ட் ஃப்ளைட், டி-97 போன்ற நீளாத நாண்கள் வலுவில்லாத நுனியை அறுத்துவிடும். வலுவூட்டாத நுனி என்றால் டேக்ரான் நாணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போது வேகம் குறையும். அதோடு, எந்தக் கை வில் என்பதைத் தெளிவாக எழுதித் தாருங்கள். வலது கை வில் என்றால் வலது கையால் நாணை இழுப்பது, இடது கையால் வில்லைப் பிடிப்பது.

கையில் வந்ததும் சோதனை

நாண் ஏற்ற எப்போதும் ஸ்ட்ரிங்கர் கயிறைப் பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் விட்டு வளைக்கும் பழைய முறை இந்த ஒல்லி லிம்புக்கு ஆகாது.

நாண் ஏற்றியபின் வில்லை நாற்காலி முதுகில் சாய்த்து, பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் கைப்பிடியின் நடுவிலும் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுகியிருக்கிறது. பிறகு லிம்ப் கைப்பிடியோடு சேரும் இடத்திலிருந்து நாணுக்குச் செங்குத்தாக மேலும் கீழும் அளங்கள். அம்புக்கு மேல் ஒரு விரலும் கீழே இரண்டும் வைத்து இழுப்பவருக்கு மேல் அளவு 3 முதல் 6 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பவருக்கு இரண்டும் சமம். இந்த டில்லர் அளவைப் பின்னால் மாற்றுவது கடினம். ஆர்டர் கொடுக்கும்போதே இழுக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும்.

பழைய வில் வாங்குபவர் ஒரு பஞ்சுத் துண்டால் லிம்ப் ஓரத்தை நுனி வரை துடைக்கட்டும். நூலிழை சிக்கினால் ஃபைபர்கிளாஸ் கிழியத் தொடங்கியிருக்கிறது. கைப்பிடி முடிந்து லிம்ப் தொடங்கும் மெல்லிய இணைப்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பசை விலகுகிறது. நீளவாக்கில் தெரியும் மேலோட்டமான கீறல் பயமில்லை. குறுக்கே ஓடும் விரிசல் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொட வேண்டாம்.

நாணும் அம்பும்

வில்லின் நீளம் 62 என்றால் நாண் 59, அதாவது மூன்று அங்குலம் குறைவு. முறுக்கு நாண் வாங்கினால் முறுக்கைக் கூட்டிக் குறைத்து உயரம் சரிசெய்யலாம். கைப்பிடியின் ஆழத்திலிருந்து நாண் வரையுள்ள பிரேஸ் ஹைட், ஹைப்ரிட்டுகளுக்குப் பெரும்பாலும் 7 முதல் 7¾ அங்குலம். செய்தவர் சொன்ன குறைந்த அளவில் தொடங்கி நாலு நாலு முறுக்காக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் சத்தம் ‘டப்’பென்று அடங்கும். அதுதான் உங்கள் அளவு. ரொம்பத் தாழ்ந்தால் நாண் முன்கையைப் பதம் பார்க்கும். ரொம்ப ஏறினால் வேகம் போகும்.

நாக் முடிச்சை, ஷெல்ஃபிலிருந்து (வில்லில் அம்பு தங்கும் மேடை) நாணுக்குச் செங்குத்தாக வரும் நேர்க்கோட்டுக்கு அரை அங்குலம் மேலே நூலால் கட்டித் தொடங்குங்கள். மூன்று விரல் கீழ்முறைக்கு எட்டில் ஐந்து பங்கு முதல் முக்கால் அங்குலம் வரை, அதாவது 16 முதல் 19 மி.மீ. அவர்களுக்கு அம்பின் நாக்குக்குக் கீழேயும் ஒரு முடிச்சு வேண்டும். இல்லாவிட்டால் அம்பு நாணில் வழுக்கி இறங்கும்.

அம்பின் எடை, விரலில் வரும் ஒரு பவுண்டுக்கு 9 முதல் 10 கிரெயின். 35 பவுண்டுக்கு 315 கிரெயின் என்றால் 20 கிராமுக்குச் சற்று மேல். தங்கம் நிறுக்கும் சிறு தராசு இருந்தால் எளிது. 8க்குக் கீழே இறங்கினால் அம்பு வாங்காத ஆற்றலையெல்லாம் லிம்ப் வாங்கிக்கொள்ளும். அம்பே இல்லாமல் நாணை விடுவது இதன் உச்சம். ஒரே முறையில் வில் உடையலாம்.

தண்டின் விறைப்புக்குத் தோராயக் கணக்கு: விரலில் 35 பவுண்டு, 29 அங்குலத் தண்டு என்றால் கார்பனில் 600 அல்லது 700, 40 பவுண்டுக்கு 500 அல்லது 600. கார்பனில் எண் ஏறினால் தண்டின் விறைப்பு குறையும் என்பதை மறக்க வேண்டாம். முழு நீளத் தண்டாக இரண்டு வகையிலும் மூன்று மூன்று வாங்கி, இறகில்லாத ஒன்றையும் இறகுள்ள இரண்டையும் 15 மீட்டரில் எய்து பாருங்கள். வலது கை வில்லாளருக்கு இறகில்லா அம்பு இடப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம். கனமான முனை போடுங்கள். வலப்பக்கம் போனால் தண்டு தளர்வு, 6 மி.மீ. வீதம் வெட்டிக் குறையுங்கள். ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் வெட்ட வேண்டாம். களைத்த கை பொய் சொல்லும். இறகில்லா அம்பு தாழப் போனால் நாக் முடிச்சு உயரம் அதிகம், மேலே போனால் குறைவு. மேல்-கீழ் சரியானபிறகே இட-வலம் பாருங்கள். அம்பு தாங்கும் ஷெல்ஃபில் மோதித் துள்ளினால் இட-வலக் கணக்கு முழுக்கத் தப்பாகக் காட்டும்.

ஈரம், வெயில், சரிவு

ஷெல்ஃபிலிருந்து நேராக எய்யும் வில்லுக்குப் பறவை இறகுதான் பொருந்தும். பிளாஸ்டிக் இறகு ஷெல்ஃபில் உரசி அம்பைத் தள்ளிவிடும். ஆனால் தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பக்கமோ, ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலிலோ இறகு நனைந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். நீர் ஒட்டாத பொடியை இறகின் அடிவரை தேய்த்து, அம்பறாத்தூணியில் இறகுப் பக்கம் மூடியிருக்கும்படி வையுங்கள். ஷெல்ஃபில் தோலுக்குப் பதில் வெல்க்ரோவின் மென்பக்கத்தை ஒட்டுங்கள். தோல் நனைந்து உப்பினால் நாக் உயரக் கணக்கு மாறும். விரலுறைத் தோலும் ஈரத்தில் நாணைப் பிடித்துக்கொள்ளும். மாற்று ஒன்று பையில் இருக்கட்டும்.

வீட்டில் நாணை இறக்கி, இரண்டு ஆணிகளில் படுக்கைவாட்டில் வையுங்கள். மூலையில் சாய்த்தால் கீழ் லிம்ப் முறுகும். குளிருக்கு மூட்டும் கணப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் வேண்டாம். மலையிறங்கிக் கோவையிலோ திண்டுக்கல்லிலோ வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால், ஊட்டிக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருந்த லிம்பின் பசை இளகி அடுக்குப் பிரியும்.

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 30 மீட்டருக்குள் இது கணக்கில் வராது. சரிவுதான் கணக்கில் வரும். மேலோ கீழோ 30 பாகைச் சரிவில் 30 மீட்டர் தூரத்து இலக்கை 26 மீட்டராக எண்ணிக் குறிபார்க்க வேண்டும். 30 என்றே எய்தால் அம்பு ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். வானம் தெரியும் மேட்டு விளிம்பில் இலக்கு வைக்கவே கூடாது, மறுபக்கச் சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் இருப்பார்கள். தவறிய அம்பைத் தேயிலைச் செடிக்குள் தேட பளிச்சென்ற நாக்கும் நிறச் சுற்றும் உதவும். பொழுது சாய்ந்தபின் தேடாதீர்கள், காட்டுமாடு நிற்கும்.

வில்லோடு எங்கே போகலாம்?

நீலகிரிக்கு வில் புதிதல்ல. தோடர்களிடம் கர்ப்பிணி மனைவிக்குக் கணவன் சிறு வில்லும் அம்பும் தரும் சடங்கு இருக்கிறது; பிறக்கப்போகும் குழந்தைக்கு அவரே தந்தை என்று ஊரறிய நிறுவுவது அதுதான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ எழுத்தில் தந்த முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் அதைக் கொண்டு நுழையக் கூடாது. முதுமலை, முக்கூர்த்தி, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கூடலூரிலிருந்து தெப்பக்காடு வழியாக மைசூரு போகும் சாலை முதுமலைக்குள்தான் ஓடுகிறது. வில்லைக் கழற்றிப் பையில் வைத்திருப்பதால் விலக்கு கிடைத்துவிடாது. அந்தப் பக்கம் போக வேண்டிய நாளில் வில்லை வீட்டில் விட்டுப் போங்கள். பயிற்சியைச் சொந்த நிலத்திலோ, உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த எஸ்டேட்டிலோ, வில்வித்தைக்கென்று ஒதுக்கிய திடலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

புது நாண் முதல் 200 எய்தல்களுக்குள் சற்று இளகும். அதன்பின் பிரேஸ் ஹைட்டையும் நாக் உயரத்தையும் மறுபடி அளந்து, சரியான எண்களை லிம்பின் உட்பக்கம் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். நாண் அறுந்தால் புதிதை அந்த எண்ணுக்கு ஏற்றினால் போதும்.